ஸிங்கிபெர் ஒஃபிசினாலே: இஞ்சியின் லத்தீன் பெயர் ‘லே’ என்று முடிவது ஏன்?

#1 பாளைமாணவி
எல்லோருக்கும் வணக்கம். சித்த மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குணபாடத்துக்காக மூலிகைகளின் லத்தீன் பெயர்களை உருப்போட்டுக்கொண்டிருக்கிறேன். இஞ்சிக்கு ‘ஸிங்கிபெர் ஒஃபிசினாலே’ என்று இருக்கிறது. நெல்லிக்குப் பழைய புத்தகத்தில் ‘எம்பிளிக்கா ஒஃபிசினாலிஸ்’. இரண்டாவது சொல் இரண்டிலும் ஒன்றுதானே? பிறகு ஏன் ஒன்று ‘லே’, இன்னொன்று ‘லிஸ்’? சில சுக்குப்பொடி டப்பாக்களில் ‘ஸிங்கிபெர் ஒஃபிசினாலிஸ்’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள். வகுப்பில் கேட்டால் எப்படி எழுதினாலும் சரிதான் என்கிறார்கள்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஸிங்கிபெர் என்பதே தமிழ்ச் சொல் என்று ஒரு சீனியர் அக்கா சொன்னார். நிஜமா? காரணம் புரிந்துவிட்டால் உருப்போடும் வேலை பாதி குறையும் என்பதால் கேட்கிறேன்.

#2 மருந்துக்கடைத்தம்பி
ரெண்டும் ஒன்றுதான் தங்கச்சி. ஒஃபிசினாலிஸ் என்றால் ‘அஃபிஷியல்’. அரசாங்கம் ஒப்புக்கொண்ட மருந்து என்று அர்த்தம். கடைசி எழுத்தெல்லாம் அவரவர் உச்சரிப்பு.

#3 கொடிவேலி
தம்பி சொன்னதை இங்கேயே விட்டுவிட்டால் நாளைக்கு யாராவது இதை அப்படியே பரீட்சையில் எழுதிவிடுவார்கள். அந்த ‘அஃபிஷியல்’ கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் வால் எழுத்து.

லத்தீனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு. தமிழில் பொருளைப் பார்த்துத்தான் பால் சொல்கிறோம். கல்லும் மரமும் நமக்கு எப்போதும் அஃறிணை. லத்தீனில் பால் சொல்லோடு கூடப் பிறந்தது, பொருளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத மூன்றாவது பால் என மூன்று. மூன்றாவதை இங்கே அஃறிணைப்பால் என்று வைத்துக்கொள்வோம்.

பெயர்ச்சொல்லோடு வரும் அடைமொழி அதன் பாலுக்கு ஏற்ப வால் மாற வேண்டும். ‘நல்லவன், நல்லவள், நல்லது’ என்று நாம் மாற்றுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். பெரும்பாலான அடைமொழிகள் உஸ், ஆ, உம் என்று மாறும். கீழாநெல்லி ஃபில்லாந்தஸ் அமாருஸ், மஞ்சள் குர்குமா லோங்கா, திப்பிலி பிப்பெர் லோங்கும். லோங்கா, லோங்கும் இரண்டுக்கும் ‘நீளமான’ என்பதே பொருள். குர்குமா பெண்பால், பிப்பெர் அஃறிணைப்பால், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வகை அடைமொழி இருக்கிறது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வால் ‘இஸ்’, அஃறிணைப்பாலுக்கு ‘எ’. ஒஃபிசினாலிஸ் இந்த வகை. அஸ்பாரகஸ் ஆண்பால், அதனால் அஸ்பாரகஸ் ஒஃபிசினாலிஸ். சால்வியா பெண்பால், அதுவும் சால்வியா ஒஃபிசினாலிஸ். ஸிங்கிபெர் அஃறிணைப்பால், ஆகவே ஒஃபிசினாலே. எம்பிளிக்கா பெண்பால், ஆகவே ஒஃபிசினாலிஸ். உங்கள் புத்தகத்தில் இரண்டும் சரி. டப்பாதான் தப்பு.

ஸிங்கிபெர் அஃறிணைப்பால் என்று எப்படித் தெரியும் என்றால், லத்தீன் அகராதியில் பார்க்க வேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் அதன் உறவுக்காரர்களை நினைவில் வைத்தால் மறக்காது. பிப்பெர், பபாவெர், ஸிங்கிபெர் மூன்றும் ‘எர்’ என்று முடியும் அஃறிணைப்பால் சொற்கள். மிளகு பிப்பெர் நிக்ரும், கசகசாச் செடி பபாவெர் சொம்னிஃபெரும். திரிகடுகத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றுக்கும் லத்தீனில் ஒரே பால்தான் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

#4 சுக்குக்காப்பி
திரிகடுகச் சூரணத்தில் பால் சேர்க்கக் கூடாது என்று எங்கள் ஆச்சி சொல்வார். இப்போதுதான் காரணம் தெரிகிறது, ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

#5 பாளைமாணவி
கொடிவேலி சார், மிக்க நன்றி. உடனே புத்தகத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். நிறைய பொருந்துகிறது, ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஏலக்காய் ‘எலெட்டாரியா கார்டமோமும்’. எலெட்டாரியா ‘ஆ’ என்று முடிகிறது, பெண்பால்தானே? பிறகு எப்படி ‘மும்’? கரும்பு ‘சாக்கரும் ஒஃபிசினாரும்’. சாக்கரும் அஃறிணைப்பால் என்றால் ஒஃபிசினாலே என்றல்லவா வர வேண்டும்?

#6 கொடிவேலி
நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள்.

இரண்டாவது சொல் எப்போதும் அடைமொழியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது இன்னொரு பெயர்ச்சொல்லாகவும் இருக்கலாம். கார்டமோமும் என்பது ஏலக்காய்க்குக் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த பழைய பெயர். ‘எலெட்டாரியா என்னும் கார்டமோமும்’ என்று இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பெயர் இன்னொரு பெயருக்காகத் தன் வாலை மாற்றாது. ஆடாதோடைக்கு யுஸ்டிகியா அதாதோடா, வெற்றிலைக்குப் பிப்பெர் பெட்லே, இவையும் அப்படித்தான். அதாதோடா தமிழிலும் சிங்களத்திலும் வழங்கும் பெயர். பெட்லே நம் ‘வெற்றிலை’ மலையாளக் கரையில் போர்த்துகீசியர் வாயில் பட்டு ‘பெட்டெல்’ ஆகிப் போனது. எலெட்டாரியாவும் வெளிச்சொல் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்டஸ் மலபாரிக்குஸ்’ நூலில் ‘எலெட்டாரி’ என்று இருந்த மலையாளப் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டியதுதான் அது.

பழைய நூல்களில் இதைக் கண்டுபிடிக்க எளிய குறிப்பு உண்டு. செடிகளுக்கு இந்த இரண்டு சொல் பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ், இரண்டாவது சொல் பெயர்ச்சொல்லாக இருந்தால் பெரிய எழுத்தில் தொடங்குவார், சாதாரண அடைமொழி என்றால் சிறிய எழுத்து. இப்போது எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதுகிறோம், அந்தக் குறிப்பு போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கரும்பு வேறு கதை. ஒஃபிசினாரும் என்பதில் ‘உம்’ பார்த்து ஏமாறக் கூடாது. அது அடைமொழியே இல்லை. ‘ஒஃபிசினா’ என்ற பெயரின் பன்மை, அதுவும் ஆறாம் வேற்றுமை. ‘கடைகளின் சர்க்கரை’. வேற்றுமை உருபு ஏற்ற சொல் யாருக்காகவும் பால் மாறாது. இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரை மருந்துக்கடையில் நிறுத்து விற்கும் சரக்கு. அதனால் இந்தப் பெயர்.

#7 மாத்திரைப்பெட்டி
ஆறாம் வேற்றுமை என்றதும் தேற்றாங்கொட்டை ஞாபகம் வருகிறது. ஸ்ட்ரிக்நோஸ் பொடாடோரும். ‘குடிப்பவர்களின்’ ஸ்ட்ரிக்நோஸ். கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்துக் குடிப்பவர்களைச் சொன்னது, வேறு குடி இல்லை.

#8 முசிறிக்காரன்
இலக்கணம் எல்லாம் சரி. முக்கியமான கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லையே? ஸிங்கிபெர் நூறு விழுக்காடு தமிழ். இஞ்சி + வேர் = இஞ்சிவேர். பழைய சேரநாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து ரோமானியக் கப்பலில் ஏறி நேரே ரோமுக்குப் போன சொல். தங்கச்சி, தேர்வில் தைரியமாக எழுதுங்கள்.

#9 ஒலியன்
முசிறிக்காரன் அண்ணன் சொன்னதில் ‘வேர்’ வரைக்கும் கூட வருகிறேன். கப்பலில் மட்டும் ஏற மாட்டேன்.

ஆவணமாக நம் கையில் இருக்கும் வடிவங்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். கிபி முதல் நூற்றாண்டில் மருத்துவர் தியோஸ்கோரிதேஸ் கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’ என்கிறார். அதே நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி லத்தீனில் ‘ஸிங்கிபெரி’ என்கிறார், சிலர் ‘ஸிம்பிபெரி’ என்பார்கள் என்றும் சேர்க்கிறார். இந்தப் பக்கம் பாலி மொழியில் ‘சிங்கிவேர’. பௌத்தத் துறவிகள் மருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்று விநய நூல் அனுமதிக்கும் வேர்களின் பட்டியலில் மஞ்சளுக்கு அடுத்து இதுதான் வரும், பிறகு வசம்பு. சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேர’. அரபியில் ‘ஸஞ்சபீல்’, திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் சொர்க்கத்துப் பானத்தில் கலந்திருப்பதாக வருகிறது.

கிரேக்க வடிவத்தைப் பாலி வடிவத்தின் பக்கத்தில் வையுங்கள். சிங்கிவேர, ஸிங்கிபெரி. முதல் எழுத்திலிருந்து கடைசிவரை ஒன்றுக்கு ஒன்று நிற்கிறது. இஞ்சிவேரோடு வைத்தால் முன்னால் ஒரு ‘ஸ’ மிச்சம், நடுவில் ‘க’ எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். அதனால் கிரேக்கர் காதில் விழுந்தது பாலி அல்லது அதைப் போன்ற ஒரு பிராகிருத வடிவம் என்பதே பொதுவாக ஏற்கப்படுவது.

சமஸ்கிருத ‘சிருங்கவேர’வைக் கொம்பு போன்ற உடம்பு என்று பிரித்துச் சொல்வார்கள். அது பின்னால் கட்டிய விளக்கம். பழக்கமில்லாத சொல்லைத் தெரிந்த சொல்லாக வளைத்துக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பதுதான்.

#10 முசிறிக்காரன்
எதிர்பார்த்தேன். எப்போதும் இதே கதை. தமிழ்ச் சொல் என்றால் உடனே நடுவில் ஒரு பாலி, ஒரு சமஸ்கிருதம். பட்டினப்பாலையில் ‘முளையிஞ்சி’ இருக்கிறது, மதுரைக்காஞ்சியில் மலைநாட்டு விளைச்சலில் இஞ்சியும் மஞ்சளும் இருக்கின்றன. விளைந்தது இங்கே, விற்றது இங்கே, சொல் மட்டும் வடக்கேயா?

#11 ஒலியன்
அண்ணே, அவசரப்படாதீர்கள். உங்கள் கட்சிக்கு நான்தான் சாட்சி சொல்லப் போகிறேன்.

பாலியிலும் சமஸ்கிருதத்திலும் கடைசியில் நிற்கும் ‘வேர’ இந்தோ ஆரிய மொழிக்குள் ஒழுங்காக விளங்குவதில்லை. நம் ‘வேர்’ என்று வைத்தால் உடனே விளங்குகிறது, பொருளும் கச்சிதம். அதனால் அந்தச் சொல்லே திராவிடத்திலிருந்து வடக்கே போனது என்று மொழியியலில் பலர் கொள்கிறார்கள். சரி, முன்னால் இருக்கும் அந்த ‘ச’?

தெற்குத் திராவிட மொழிகளில் மிகப் பழங்காலத்தில் பல சொற்களின் தொடக்கத்தில் இருந்த சகரம் உதிர்ந்துபோனது. இதற்குச் சான்று கடலுக்கு அப்பால் இல்லை, மத்திய இந்தியாவில் கோண்டி பேசும் மக்களிடம் இருக்கிறது. நாம் ஐந்து, ஆறு என்கிறோம். அவர்கள் சையுங், சாருங் என்கிறார்கள். நாம் உப்பு என்றால் அவர்களிடம் ‘சோவர்’. நாம் இழந்த சகரத்தை அவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள். இதே வழியில் இஞ்சிக்கும் முன்னால் ஒரு சகரம் இருந்திருக்க வேண்டும், ‘சிங்கி’ போல ஒரு வடிவம். அந்தச் சகரம் உதிரும் முன்பே சொல் வடக்கே போய்விட்டது, பாலியில் ‘சிங்கிவேர’ என்று பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது என்பது வாதம். அப்படியானால் பாலி வடிவம்தான் நம் சொல்லின் பழைய முகம். தமிழின் ‘இஞ்சி’ அதன் பிந்திய முகம். நேரே ‘இஞ்சிவேர்’ போனது என்று சொன்னால் இந்தச் சான்றை நாமே தூக்கிப் போடுகிறோம்.

கப்பலுக்கு வருகிறேன். முதல் நூற்றாண்டின் செங்கடல் பயண நூலான பெரிப்ளஸ், முசிறி வட்டாரத் துறைமுகங்களில் ஏற்றிய சரக்குகளை வரிசையாகச் சொல்கிறது. மிளகு, முத்து, தந்தம், பட்டு, இலவங்கப் பத்திரி, ஆமை ஓடு எல்லாம் இருக்கிறது. இஞ்சி இல்லை. அதோடு, தியோஸ்கோரிதேஸும் பிளினியும் இஞ்சி அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலும் விளைவதாக எழுதினார்கள். நேரே இங்கிருந்து வாங்கியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். நடுவில் இருந்த வியாபாரிகளிடமிருந்து சரக்கும் வந்தது, சொல்லும் வந்தது. மிளகுச் செடியின் வேர்தான் இஞ்சி என்று நினைத்தவர்களும் ரோமில் இருந்தார்கள். பிளினி அதை மறுத்து, சுவைதான் அப்படி, செடி வேறு என்கிறார்.

#12 சுக்குக்காப்பி
விலை ஏதாவது போட்டிருக்கிறாரா பிளினி?

#13 ஒலியன்
போட்டிருக்கிறார். ஒரு ரோமன் பவுண்டு இஞ்சி 6 தெனாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக்காசு. கருமிளகு 4, வெண்மிளகு 7, திப்பிலி 15. திரிகடுகத்தில் ரோமானியருக்கு மலிவு மிளகுதான்.

#14 முசிறிக்காரன்
சகர விஷயம் எனக்குப் புதிது, நன்றாக இருக்கிறது. ஆனாலும் சொல்லின் வேர் தமிழ்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். எனக்கு அது போதும். 🙂

#15 ஒலியன்
திராவிடம் என்றேன். அதற்குள்ளும் ஒரு முடிச்சு இருக்கிறது. இஞ்சி எங்கும் காட்டுச் செடியாகக் கிடைப்பதில்லை. தென்கிழக்காசியப் பக்கம் மனிதர்கள் பயிராக்கி, கிழங்கைக் கிள்ளி நட்டு நட்டே பரப்பிய செடி. அந்தப் பக்கத்து மொழிகளில் பெயரைப் பாருங்கள். தாய் மொழியில் ‘கிங்’, பர்மியத்தில் ‘ஜின்’. நம் ‘சிங்கி’யும் செடியோடு சேர்ந்து கிழக்கிலிருந்து வந்த சொல்லாக இருக்கலாம் என்று ஒரு கட்சி உண்டு. அப்படியானால் ‘வேர்’ மட்டும் நாம் போட்டது. இதில் நான் எந்தப் பக்கமும் பந்தயம் கட்ட மாட்டேன். மாணவி தேர்வில் எழுதுவதானால் ‘திராவிட மூலம் கொண்டதாகக் கருதப்படும் சொல், பாலி, கிரேக்கம் வழியாக லத்தீனுக்குச் சென்றது’ என்று எழுதலாம். யாரும் மார்க் குறைக்க முடியாது.

#16 பாளைமாணவி
ஒலியன் அண்ணா, முசிறிக்காரன் அண்ணா இருவருக்கும் நன்றி. இந்த இழையைப் படித்துவிட்டுக் கோண்டி எண்களை விடுதி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சார், இன்னொரு கேள்வி. பெயருக்குப் பின்னால் ‘ராஸ்கோ’ என்று இருக்கிறது. மற்றச் செடிகள் பலவற்றுக்கு ‘எல்’ என்று லின்னேயஸ் பெயர் இருக்கும். இஞ்சி மாதிரி பிரபலமான செடிக்கு அவர் பெயர் வைக்காமலா விட்டார்?

#17 கொடிவேலி
வைத்தார். இந்தக் கேள்வியில்தான் ‘ஒஃபிசினாலே’ எப்படி உள்ளே நுழைந்தது என்பதே இருக்கிறது.

1753இல் லின்னேயஸ் இஞ்சியை அமோமும் என்ற பேரினத்தில் (பெயரின் முதல் சொல் குறிக்கும் செடிக்கூட்டம்) சேர்த்து ‘அமோமும் ஸிங்கிபெர்’ என்றார். பெரிய எழுத்து ஸி. அதாவது ஸிங்கிபெர் அங்கே பெயர்ச்சொல், இரண்டாம் இடத்தில். அடுத்த ஆண்டே லண்டனில் செல்சி மருந்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிலிப் மில்லர் இஞ்சியைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். பிறகு 1807இல் வில்லியம் ராஸ்கோ இஞ்சிக் குடும்பத்தை ஒழுங்குபடுத்தி லண்டன் லின்னேயஸ் கழகத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ராஸ்கோ தொழில்முறைத் தாவரவியலாளர் இல்லை. லிவர்பூல்காரர், வக்கீல், வங்கியாளர், அந்த ஊரின் தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அடிமை வியாபாரத்தில் கொழுத்த அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே அந்த வியாபாரத்தை ஒழிக்கும் சட்டத்துக்கு வாக்களித்தார், அதுவும் அதே 1807இல்.

அவர் முன்னால் இருந்த சிக்கல் இது. ஸிங்கிபெர் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. பழைய இரண்டாம் சொல்லை அப்படியே வைத்தால் ‘ஸிங்கிபெர் ஸிங்கிபெர்’ ஆகிவிடும். விலங்கியலில் அது நடக்கும். நல்லபாம்பு நஜா நஜா. தாவரவியலில் இன்று விதிப்படியே கூடாது, அன்று விதிப்புத்தகம் இல்லாவிட்டாலும் அவர் அதைச் செய்யவில்லை. காலியான இரண்டாம் இடத்தில் ‘ஒஃபிசினாலே’ வந்து உட்கார்ந்தது.

இதையே நெல்லியில் பாருங்கள். லின்னேயஸ் வைத்தது ஃபில்லாந்தஸ் எம்பிளிக்கா. எம்பிளிக்கா அரபி ‘அம்லஜ்’ வழியாக வந்த ஆமலகம். பெயர்ச்சொல், அதனால்தான் ஃபில்லாந்தஸ் ஆண்பாலாக இருந்தும் ‘எம்பிளிக்குஸ்’ ஆகவில்லை. 1790இல் தாவரவியலாளர் கேர்ட்னர் அதைத் தனிப் பேரினமாகத் தூக்கி முதல் இடத்தில் வைத்தார். காலியான இடத்துக்கு எது வந்தது? ஒஃபிசினாலிஸ். இஞ்சியும் நெல்லியும் ஒரே கதை. பிற்பாடு நெல்லியைத் திரும்ப ஃபில்லாந்தஸில் சேர்த்தபோது லின்னேயஸின் முந்திய பெயர் உயிர்பெற்றது, அதனால்தான் புதுப் புத்தகங்களில் ஃபில்லாந்தஸ் எம்பிளிக்கா.

ஐரோப்பாவில் ரோஸ்மேரிக்கு இது தலைகீழாக நடந்தது. ரோஸ்மரினுஸ் ஒஃபிசினாலிஸ் என்று இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்த செடியை 2017இல் சால்வியாவில் சேர்த்தார்கள். சால்வியா ஒஃபிசினாலிஸ் என்ற பெயர் ஏற்கெனவே வேறு செடிக்குச் சொந்தம். அதனால் இடத்தை மாற்றி, சால்வியா ரோஸ்மரினுஸ். ரோஸ் மரினுஸ் என்றால் கடல் பனித்துளி. அதுவும் பெயர்ச்சொல், வால் மாறாது.

#18 மருந்துக்கடைத்தம்பி
அய்யா, என் ‘அஃபிஷியல்’ கதைக்கு வருகிறேன் என்றீர்கள். அது என்ன ஆனது?

#19 கொடிவேலி
மறக்கவில்லை தம்பி, உங்கள் தொழில் சம்பந்தப்பட்டது.

லத்தீனில் ‘ஒஃபிசினா’ என்றால் பட்டறை, வேலை நடக்கும் இடம். ஓபுஸ் என்றால் வேலை, ஃபாகெரே என்றால் செய்வது, இரண்டும் சேர்ந்து தேய்ந்து வந்த சொல். இடைக்காலத்தில் ஐரோப்பிய மடங்களில் மூலிகைகளை உலர்த்தி வைத்து, இடித்து, மருந்து செய்யும் அறைக்கு இந்தப் பெயர் ஒட்டியது. பிறகு பொது மருந்துக்கடைக்கும் ஆனது. ஒஃபிசினாலிஸ் என்றால் ‘அந்தக் கடையில் வைத்திருக்கும் சரக்கு’. அரசாங்க அங்கீகாரம் எதுவும் அதில் இல்லை. நீங்கள் சொல்லும் அஃபிஷியல், ‘ஒஃபிகியும்’ என்ற இன்னொரு சொல்லிலிருந்து வந்தது. கடமை, பணி என்று பொருள். இரண்டுக்கும் வேர் ஒன்று, கிளை வேறு.

உங்கள் கடையில் ஒரு நூறு தடவை காதில் விழும் ‘கடைச்சரக்கு’ இருக்கிறதே, ஒஃபிசினாலிஸுக்கு அதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், அக்கரகாரம் எல்லாம் கடைச்சரக்கு. தோட்டத்தில் பிடுங்கும் பச்சிலை வேறு, இவை வேறு. லின்னேயஸும் அந்த நினைப்பில்தான் ஏராளமான செடிகளுக்கு இந்தப் பெயரை அள்ளிக் கொடுத்தார். செடிக்கு மட்டுமில்லை. ஐரோப்பியக் கடல்களில் கிடைக்கும் ஒரு கணவாய்க்குச் செப்பியா ஒஃபிசினாலிஸ் என்று பெயர். கணவாய் ஓடு அங்கேயும் மருந்துக்கடைச் சரக்காக இருந்தது. செப்பியா பெண்பால்.

#20 நேர்கோடு
இவ்வளவும் சுவாரசியம்தான். ஆனால் டப்பாவில் ‘லிஸ்’ என்று போட்டால் என்ன கெட்டுவிடும்? உள்ளே சுக்கு சுக்காக இருந்தால் போதாதா? செத்த மொழியின் வாலுக்கு இத்தனை பக்கமா?

#21 கொடிவேலி
உள்ளே இருப்பது கெடாது. பெயரிடும் விதிகளே இதைப் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. பால் பொருந்தாத வாலோடு ஒருவர் பெயரை வெளியிட்டிருந்தால் அடுத்தவர் வாலைத் திருத்திக்கொள்ளலாம். பெயரும் செல்லும், வைத்தவர் உரிமையும் போகாது. வேறு பெயராக எண்ண மாட்டார்கள். ஆகவே ‘லிஸ்’ டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம், அடுத்த அச்சில் திருத்தினால் போதும்.

டப்பாவில் நான் முதலில் பார்ப்பது முதல் சொல்லுக்குப் பின்னால் எது வருகிறது என்று. ஸிங்கிபெர் பேரினத்தில் இஞ்சி மட்டும் இல்லை. ஸிங்கிபெர் ஸெரும்பெட் இருக்கிறது, ஸிங்கிபெர் மொன்டானும் இருக்கிறது. வால் தப்பினால் சிரிக்கலாம், சொல் தப்பினால் சரக்கே வேறு. மொன்டானும் கவனித்தீர்களா, ‘உம்’. பேரினம் அஃறிணைப்பால் என்பது அங்கே கண்ணுக்கே தெரிகிறது. ஸெரும்பெட் அரபி, பாரசீகப் பக்கத்துப் பெயர்ச்சொல், அசையாது. மொன்டானும் என்ற சொல்லை அந்தச் செடிக்கு முதலில் வைத்தவர் லின்னேயஸின் மாணவர் கோனிக். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக இருந்தவர்.

#22 மாத்திரைப்பெட்டி
நேர்கோடு அவர்களுக்கு ஒரு நடைமுறைப் பதில். மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வால் தினமும் முன்னால் நிற்கும். ஐரோப்பிய மருந்து நூலில் சுக்குக்குத் தலைப்பு ‘ஸிங்கிபெரிஸ் ரிஸோமா’. பார்த்தவுடன் இதென்ன, ‘இஸ்’ வந்துவிட்டதே, பால் மாறிவிட்டதா என்று குழம்புவார்கள். மாறவில்லை. ஸிங்கிபெரிஸ் என்பது ஆறாம் வேற்றுமை, ‘ஸிங்கிபெரின் கிழங்கு’. பழைய சீட்டுகளில் வரும் ‘டிங்க்டூரா ஸிங்கிபெரிஸ்’ இஞ்சியின் சாராய வடிநீர். அதிலும் அதே வேற்றுமை.

குடும்பப் பெயர் உண்டாவதும் அங்கேதான். ஆறாம் வேற்றுமையிலிருந்து ‘இஸ்’ஸை எடுத்துவிட்டு மிச்சத்தோடு ‘அகெயே’ சேர்க்க வேண்டும். ஸிங்கிபெரிஸ், ஸிங்கிபெரகெயே. பிப்பெரிஸ், பிப்பெரகெயே. இந்த இரண்டிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொடிவேலி சாரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடிவேலி பிளம்பாகோ ஸெய்லானிக்கா. குடும்பம் பிளம்பாகினகெயே. நடுவில் இந்த ‘கின்’ எங்கிருந்து முளைத்தது? பிளம்பாகோவின் ஆறாம் வேற்றுமை பிளம்பாகினிஸ். அங்கிருந்துதான்.

#23 சுக்குக்காப்பி
இருபத்து இரண்டு பதிவுக்குப் பிறகு கொடிவேலி சாரின் குடும்பப் பெயர் தெரிந்துவிட்டது.

#24 பாளைமாணவி
நான் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறேன், சரியா என்று சொல்லுங்கள். சிறுகுறிஞ்சான் ‘கிம்னேமா சில்வெஸ்ட்ரே’. சில்வெஸ்ட்ரே ‘எ’ என்று முடிகிறது. அதாவது ஒஃபிசினாலே வகை, அஃறிணைப்பால். ஆனால் கிம்னேமா ‘ஆ’வில் முடிகிறது, பெண்பால் மாதிரி இருக்கிறது. சில்வெஸ்ட்ரிஸ் என்றல்லவா வர வேண்டும்? புத்தகம் தப்பா?

#25 கொடிவேலி
புத்தகம் சரி. ‘ஆ’வில் முடிவதெல்லாம் பெண்பால் இல்லை. கிம்னேமாவின் பின்பாதி கிரேக்க ‘நேமா’, நூல் இழை. ‘மா’ என்று முடியும் இந்த வகைக் கிரேக்கச் சொற்கள் அஃறிணைப்பால். மாத்திரைப்பெட்டி சொன்ன ரிஸோமாவும் அதே சாதி. சில்வெஸ்ட்ரே என்றால் காட்டில் வளர்வது. பைன் மரத்தில் பைனுஸ் சில்வெஸ்ட்ரிஸ் என்று பார்ப்பீர்கள். அங்கே இன்னொரு வேடிக்கை. ‘உஸ்’ஸில் முடிந்தாலும் லத்தீனில் பல மரப்பெயர்கள் பெண்பால். அரசமரத்துக்கு ஃபீகுஸ் ரிலிகியோஸா என்று ‘ஆ’ வருவது அதனால்தான்.

#26 பாளைமாணவி
அப்படியானால் ஃபில்லாந்தஸ்? அதன் பின்பாதி கிரேக்க ‘அந்தோஸ்’, பூ. அது கிரேக்கத்தில் அஃறிணைப்பால் என்று இப்போதுதான் தேடிப் பார்த்தேன். கீழாநெல்லி ‘அமாரும்’ ஆகியிருக்க வேண்டாமா?

#27 கொடிவேலி
ஆகியிருக்க வேண்டும். ஆனால் ‘அந்தஸ்’ என்று முடியும் பேரினங்களைத் தாவரவியலாளர்கள் ஆரம்பத்திலிருந்தே ஆண்பாலாக எழுதிப் பழகிவிட்டார்கள். கிரேக்கம் என்ன சொன்னாலும் பழக்கமே செல்லும் என்று விதிப்புத்தகமே 62ஆம் விதியில் எழுதிவைத்துவிட்டது. அமாருஸ் என்றே எழுதுங்கள்.

#28 மருந்துக்கடைத்தம்பி
அய்யா, அடுத்த வாரம் சுக்குப்பொடிக்குப் புது லேபிள் அடிக்கப் போகிறேன். ‘ஸிங்கிபெர் ஒஃபிசினாலே’, பக்கத்தில் ‘ராஸ்கோ’. போதுமா?

#29 கொடிவேலி
போதும். முதல் இரண்டு சொல்லையும் சாய்வெழுத்தில் போடச் சொல்லுங்கள், ராஸ்கோ நேரெழுத்தில்.